டீம் போட்டாச்சா?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கொஞ்சம் நல்லா இருக்கும் என்பதால் எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுற வேலை என்கிட்ட வந்தது. ஏழு வருஷமா நான்தான் எழுதறேன். இன்னைக்கு என்னை "சேமிப்பின் அவசியம்" என்று பேசச் சொன்னாங்க. 1989-ல் மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதல் முதலா ஆரம்பிச்சதே நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் காலத்துல அஞ்சும் பத்துமா டப்பாவுல போட்டு, சாவியை ஒருத்தர், டப்பாவை ஒருத்தர் வெச்சிருந்த அத்தைமார்கள் இதோ முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க முன்னாடி நான் சேமிப்பைப் பத்திப் பேசினா அது கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரி. அதனால தலைவி அக்காகிட்ட கேட்டுக்கிட்டு தலைப்பை மாத்திக்கிட்டேன். சேர்த்த காசு எந்த ஓட்டை வழியா ஒழுகுதுன்னு பேசறேன். போனில் ஆடுற பணம் வெச்ச விளையாட்டைப் பத்திப் பேசறேன்.

நோட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன். உள்கடன் கேட்டா காரணம் எழுதணும் இல்லையா. நான் எழுத ஆரம்பிச்ச வருஷத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், மரவள்ளிக்கு உரம், கறவை மாடு, வீட்டுக்கு ஷீட்டு, காதுகுத்து. எல்லாம் நமக்குத் தெரிஞ்ச செலவு. இப்போ கடைசி ரெண்டு வருஷப் பக்கத்தைப் பாருங்க. "கைமாத்து அடைக்க", "அவசரச் செலவு", "மகன் கடன்". நானே என் கையால எழுதியிருக்கேன். அவசரம்னா என்ன அவசரம்னு யாரும் கேட்கறது இல்லை. கேட்டா மனசு புண்படும்னு விட்டுடறோம். மழை வந்து வீடு ஒழுகினா ஊருக்கே தெரியும். இந்த அவசரம் பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியறது இல்லை.

எங்க அப்பா காலத்துலயும் சூதாட்டம் இருந்தது. ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் சீட்டாடுவாங்க. எங்க அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க, "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா"ன்னு. நான் தூரத்துல வரும்போதே சீட்டைத் துண்டுக்கு அடியில மறைச்சுடுவாங்க. எட்டு வயசுப் பொண்ணைப் பார்த்துக் கூச்சப்பட்டாங்க. லாட்டரியும் இருந்தது. சைக்கிள்ல மைக் கட்டிக்கிட்டு வருவார் ஒருத்தர். சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரின்னு எத்தனை தாலிக்கொடி போச்சுன்னு இங்க இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும். 2003-ல் தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினாங்க. அன்னைக்கு எங்க பாட்டி பொங்கல் வெச்சாங்க, உண்மையாவே வெச்சாங்க.

அப்போ சூதாட்டத்துக்கு ஒரு இடம் இருந்தது. போறதுக்கு ஒரு நேரம் இருந்தது. போறவனை நாலு பேர் பார்த்தாங்க. "அவன் சீட்டாடறவன்"னு பொண்ணு குடுக்க யோசிச்சாங்க. இன்னைக்கு அந்தப் பேரே போயிடுச்சு. யாரும் சூதாட்டம்னு சொல்றது இல்லை. "கேம்"னு சொல்றாங்க. "டீம் போட்டாச்சா?"ன்னு கேட்கறாங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்கற மாதிரி கேட்கறாங்க. சலூன்ல கேட்கறாங்க, பால் சொசைட்டி வரிசையில கேட்கறாங்க. போன வருஷம் ஒரு கல்யாணத்துல தாலி கட்டி முடிஞ்சு அட்சதை போட்ட கையோட மாப்பிள்ளைத் தோழன் டாஸ் போட்டாச்சான்னு போனைப் பார்க்கறான். சிரிக்காதீங்க, உங்க வீட்டுக் கல்யாணமாக் கூட இருக்கலாம்.

யாரு இதைச் சகஜமாக்கினது? விளம்பரம்தான் முதல்ல. நாம சாமி மாதிரி நினைக்கிற கிரிக்கெட் ஆட்டக்காரங்க, நடிகருங்க எல்லாம் வந்து "நானும் ஆடறேன், நீயும் ஆடு"ன்னாங்க. 2023-ல இருந்து 2025 ஆகஸ்ட் வரைக்கும் இந்திய அணி போட்டுக்கிட்ட சட்டையிலேயே அப்படி ஒரு கம்பெனி பேருதான் இருந்தது. நாட்டுக்காக ஆடுறவங்க நெஞ்சுல இருக்கிற பேரைப் பார்த்துப் பதினாறு வயசுப் பையன் அதைத் தப்புன்னு நினைப்பானா? விளம்பரம் முடியும்போது ஒரு ஆள், இதுல பண நஷ்டம் வரலாம், அடிமை ஆகலாம்னு சொல்வான் பாருங்க, கிளம்புற பஸ்ஸுல கண்டக்டர் ஊர் பேரு சொல்ற வேகத்துல சொல்வான். சாவகாசமா சொன்னா யாருக்காவது புரிஞ்சு தொலைக்குமே.

ரெண்டாவது, நோட்டை எண்ணற வேலை போச்சு. ஐநூறு ரூபா நோட்டை மாத்தணும்னா நமக்குக் கை நடுங்கும். அதே ஐநூறு ஜிபேயில் விரல் பட்டதும் போயிடுது. கையை விட்டுப் போறது கண்ணுக்குத் தெரியறது இல்லை.

என் வீட்டையே சொல்றேன். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், "சொல்லிக்கோ, பேரு மட்டும் சொல்லாத"ன்னார். என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், தக்காளி லோடு ஏத்திக்கிட்டு பாலக்கோடு மண்டிக்குப் போய் வர்ற டிரைவர். ஐபிஎல் வந்தா அவரும் டீம் போடுவார். நான் கேட்டா, "ஒரு மேட்ச்சுக்கு 49 ரூபாதான், ஒரு டீயும் வடையும், என்னமோ சொத்தை எழுதி வெச்ச மாதிரி பேசறியே"ன்னு சொல்வார். நான் சண்டை போடலை. "ஏங்க, அந்த போனைக் குடுங்க, கணக்கு மட்டும் பார்த்துக்கறேன்"ன்னேன். நம்ம குழு நோட்டுல கணக்கு எழுதற மாதிரி ஒரு பேப்பர் எடுத்தேன். ஒரு ஐபிஎல்லுக்கு 74 மேட்ச். 49 ரூபா வீதம் 74 மேட்ச்சுக்கு 3,626 ரூபா. இது ஒரு டீம் போட்டா. ரெண்டு டீம் போட்ட நாளும் இருக்கு. நடுவுல ஜெயிச்சது ஒரு நாள் 80, ஒரு நாள் 150. அதை எடுத்தாரான்னா இல்லை, அதுலயே திரும்பப் போட்டுட்டார்.

நான் குழுவுல மாசம் 200 ரூபா சந்தா கட்டறேன். 3,626 ரூபாய்னா என்னோட பதினெட்டு மாசச் சந்தா. ஒன்றரை வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஓடி ஓடிக் கட்டின காசு ரெண்டு மாசத்துல டீயும் வடையுமாப் போச்சு. அந்தப் பேப்பரை அவர் மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். ஒண்ணும் சொல்லலை. நானும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. ஆம்பளைங்களுக்குத் தானே புரிஞ்சுக்க ஒரு ராத்திரி குடுக்கணும். மறுவாரம் ஆப்பை எடுத்துட்டார்.

இந்த ஆட்டத்துல எப்படி நஷ்டம் வருதுன்னு என் பொண்ணு ஒரு கணக்கு போட்டுக் காட்டினா, ஒன்பதாவது படிக்கிறா. 100 பேர் ஆளுக்கு 50 ரூபா போடறாங்கன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 5,000. கம்பெனி தன் பங்கா நூத்துக்குப் பதினஞ்சு எடுத்துக்குதுன்னு வெச்சுக்கோங்க. 750 போக மீதி 4,250-தான் ஆடினவங்களுக்குள்ள பிரிச்சுக்கறாங்க. மறுநாள் அந்த 4,250-யையே திரும்ப வெச்சு ஆடினா மிச்சம் 3,600 சொச்சம். இப்படியே பத்து நாள் ஆடினா 5,000 ரூபா ஆயிரத்துக்கும் கீழே வந்துடும். யார் ஜெயிச்சாலும், எவ்வளவு திறமை இருந்தாலும், மொத்தமாப் பார்த்தா பணம் ஒரு பக்கமாத்தான் போகுது. ஏலச்சீட்டுலயும் சீட்டு நடத்தறவருக்குக் கமிஷன் உண்டு, ஆனா சீட்டுல இருபது பேரும் ஒரு தடவை பணம் எடுப்பாங்க. இதுல ஒருத்தன் எடுக்க மத்தவங்க எல்லாம் கட்டணும். ஜெயிச்சவனுக்கும் ஜெயிச்ச பணத்துல 30 சதவீதம் வருமான வரி பிடிப்பாங்க. ஜெயிச்சவன் போட்டோவை மட்டும் போடறாங்க, மத்தவங்க போட்டோ போட இடம் பத்தாது.

முதல்ல கொஞ்சம் ஜெயிக்க விடுவாங்க, அல்லது போனஸ்னு சும்மா குடுப்பாங்க. கோழி பிடிக்கிறவன் முதல்ல ரெண்டு கைப்பிடி கம்பு எறியற மாதிரிதான். அப்புறம் தோத்தா விட்டதைப் பிடிக்கணும்னு தோணும். அந்த நினைப்புதான் ஆளைக் கொல்லுது. கலர் சொல்ற ஆட்டம்னு ஒண்ணு, சிவப்பா பச்சையான்னு ஒரு நிமிஷத்துல முடிவு. விமானம் ஏறிக்கிட்டே போகும், அது பறந்து போயிடறதுக்குள்ள எடுக்கணும்னு ஒண்ணு. இதுல கிரிக்கெட் அறிவும் வேண்டாம், சீட்டு அறிவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துல அறுபது தடவை பணம் வைக்கலாம். புளியமரத்தடியில சீட்டைக் கலைச்சுப் போடவாவது நேரம் ஆகும், அதுக்குள்ள பொண்டாட்டி வந்துடுவா.

பொம்பளைங்க நாம தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். லூடோவுல காசு வெச்சு ஆடற தங்கச்சிங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. மத்தியானம் வேலை முடிஞ்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போன நேரத்துல ஆடறாங்க. உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வந்த அன்னைக்கே போன கதையும் எனக்குத் தெரியும். ஆம்பளை ஆடினா ஊருக்குத் தெரிஞ்சு நாலு பேர் திட்டுவாங்க. பொம்பளை ஆடினா யாருக்கும் தெரியாது, அவ யார்கிட்டயும் சொல்லவும் முடியாது.

இப்போ எங்க குழுவுல நடந்ததைச் சொல்றேன். அந்த அக்காகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவங்களும் இந்தக் கூட்டத்துல இருக்காங்க, யாருன்னு தேடாதீங்க.

அக்காவோட பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. சம்பளம் வந்தா அம்மாவுக்கு மாசம் அஞ்சாயிரம் அனுப்பற பிள்ளை. ரூம்ல கூட இருந்த பசங்க பழக்கி விட்டாங்க. 200, 500-ன்னு ஆரம்பிச்சு, சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரியே காலி. அப்புறம் போன்லயே கடன் குடுக்கற ஆப்பு. ஆதார் போட்டோ, முகம் காட்டி ஒரு போட்டோ, பத்து நிமிஷத்துல 5,000 ரூபா கடன். கையில வந்தது 3,200-தான், மீதி அவங்க பீஸாம். ஏழு நாள்ல 5,000 கட்டணும். அதை அடைக்க இன்னொரு ஆப்பு. அதை அடைக்க இன்னொண்ணு. கடன் வாங்கும்போது போனில் இருக்கிற நம்பர் எல்லாத்தையும் அந்த ஆப்பு எடுத்துக்கறதுக்கு இவனே "சரி"ன்னு அமுக்கியிருக்கான், என்னன்னு படிக்காமலே.

அந்தப் பையன் போனில் அம்மா நம்பர் இருந்தது. குழு அக்காக்கள் நம்பரும் இருந்தது, ஏன்னா கூட்டத்துக்கு அம்மாவை அழைக்கச் சொல்லி நாங்க அவனுக்குத்தான் போன் பண்ணுவோம். ஒரு நாள் காலையில எங்க குழுவுல பன்னிரண்டு பேர்ல ஏழு பேருக்கு வாட்ஸ்அப் வந்தது. அந்தப் பையன் போட்டோவைப் போட்டு "திருடன்"னு எழுதி, அவன் அக்கா போட்டோவைக் கண்டபடி மாத்தி அனுப்பியிருந்தாங்க. கட்டிக்குடுத்த பொண்ணு. நினைச்சுப் பாருங்க. அந்த அக்கா ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரலை. நூறு நாள் வேலைக்கும் வரலை. மூணாம் நாள் கூட்டத்துக்கு வந்தாங்க. 30,000 உள்கடன் வேணும், பொண்ணுக்குப் பிரசவச் செலவுன்னாங்க. அவங்க பொண்ணுக்குப் பிரசவம் ஆகி ஒரு வருஷம் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், காரணம்னு எதை எழுதறது?

எங்க ஊக்குநர் அக்காதான் முதல்ல பேசினாங்க. "நாங்க எல்லாம் போட்டோவைப் பார்த்தோம். பார்த்த கையோட அழிச்சுட்டோம். நீ உண்மையைச் சொல்லு." அதுக்கு அப்புறம்தான் அந்த அக்கா அழுதாங்க. தோட்டை அடகு வெச்சாச்சு, சினை மாட்டை வித்தாச்சு, இன்னும் நாலு ஆப்புல கடன் நிக்குதுன்னாங்க.

கூட்டம் மூணு மணி நேரம் நடந்தது. எங்க குழுவுல அப்படி ஒரு கூட்டம் நடந்ததே இல்லை. ஒரு பக்கம், "இது நம்ம வேர்வைக் காசு, சூதாடினதுக்கு எதுக்குக் குடுக்கணும், நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க"ன்னாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. இன்னொரு பக்கம், "குடுக்கலைன்னா மீட்டர் வட்டிக்குப் போவா, அதுக்கு அப்புறம் அவளை நாம உயிரோட பார்க்க முடியுமா"ன்னாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. கடைசியில நான் எழுதின தீர்மானம் இது: ஆப்பு கடனை அடைக்க குழுப் பணம் ஒரு பைசாவும் தருவதில்லை. அடகில் இருக்கும் தோட்டை மீட்க 12,000 உள்கடன், அதைக் கையில் கொடுக்காமல் குழுவில் இருவர் கூடப்போய் அடகுக் கடையில் கட்டி நகையை மீட்பது. மீட்ட நகை அக்கா பேரில் குழு லாக்கர் பெட்டியில் ஒரு வருடம் இருப்பது. புகார் கொடுக்க ஊக்குநரும் பிரதிநிதியும் உடன் செல்வது. பையன் மாதம் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் தவணை கட்டுவது.

அந்தத் தீர்மானம் சரின்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன். ஆப்பு கடனுக்குப் பணம் கட்டக் கட்ட அவன் இன்னும் கேட்பான். கட்டினவங்களைத்தான் திரும்பத் திரும்ப மிரட்டறான். 1930-ங்கிற நம்பருக்குப் போன் பண்ணிப் புகார் குடுத்து, அந்த மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடுத்தோம். போன் நம்பரை மாத்தினான் பையன். ரெண்டு வாரம் மிரட்டல் வந்தது, அப்புறம் தானா நின்னு போச்சு. தவணையில நாலு மாசம் கட்டியிருக்கான், ஒரு மாசம் விட்டுட்டான். விட்ட மாசம் அவன் ஆடினானா இல்லையான்னு அம்மா கேட்கலை, நாங்களும் கேட்கலை. அடுத்த மாசம் சேர்த்துக் கட்டினான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்பீங்க. சுருக்கமாச் சொல்றேன், எனக்கு எங்க வார்டு மெம்பர் தங்கச்சி, அவ வக்கீலுக்குப் படிக்கிறா, சொல்லிக்குடுத்தது. நம்ம தமிழ்நாட்டு அரசு 2020 நவம்பரில் முதல்ல தடை கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. கடன் தாங்காம பல பேர் உயிரை விட்ட பிறகு, நீதியரசர் சந்துரு ஐயா தலைமையில குழு போட்டு, 2022-ல் திரும்பச் சட்டம் கொண்டு வந்தாங்க. கவர்னர் திருப்பி அனுப்பி, சட்டசபையில மறுபடியும் நிறைவேத்தி, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்த நவம்பரில் கோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதைத் தடை பண்ண முடியாதுன்னு சொன்னது. 2025-ல் பதினெட்டு வயசுக்குக் கீழே ஆடக் கூடாது, ராத்திரி 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் ஆட்டம் கிடையாதுன்னு விதி போட்டாங்க. அதே 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடுற எந்த ஆன்லைன் விளையாட்டா இருந்தாலும் நடத்தக் கூடாது. திறமையா அதிர்ஷ்டமாங்கிற பேச்சே வேண்டாம்னுட்டாங்க. நடத்தறவனுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் பண்றவனுக்கு ரெண்டு வருஷம், ஐம்பது லட்சம். அந்த மத்திய சட்டத்துல ஆடினவங்களுக்குத் தண்டனை வைக்கலை. மாநிலச் சட்டத்துல ஆடுறவங்களுக்கும் தண்டனை எழுதியிருக்கு, அதையும் சொல்லிடறேன்.

"திறமை விளையாட்டு"ன்னு கோர்ட்டுல பேசினவங்க மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்க படிச்சவங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். திருவள்ளுவர் பொருட்பாலுல சூதுன்னு தனியா ஒரு அதிகாரமே, 94-வது அதிகாரம், எழுதி வெச்சிருக்கார். அவர் அதுல ரம்மியை விட்டுட்டு எழுதினதா எனக்குத் தெரியலை.

சட்டம் வந்துடுச்சே, இனிமே என்ன பேச்சுன்னு எங்க தெருவுலயே கேட்டாங்க. பெரிய கம்பெனிங்க கடையைச் சாத்தினது உண்மைதான். டிவியில விளம்பரம் போச்சு. ஆனா பழக்கம் போகலையே. வெளிநாட்டுல இருந்து நடத்தற சைட்டு இருக்கு. டெலிகிராமில் லிங்க் வருது. "ஐடி வேணுமா?"ன்னு கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் பேசும். பணத்தை அவன் சொல்ற யாரோ ஒருத்தர் அக்கவுண்டுக்கு அனுப்பணும், அவன் ஒரு பாஸ்வேர்டு குடுப்பான். முன்னாடியாவது கம்பெனி பேருன்னு ஒண்ணு இருந்தது. இப்போ யார்கிட்டப் போச்சுன்னே தெரியாது.

அந்த "யாரோ ஒருத்தர் அக்கவுண்டு" இருக்கு பாருங்க, அதைத்தான் நான் இன்னைக்கு முக்கியமாச் சொல்ல வந்தேன். வங்கி மேலாளர் சாரும் இருக்கறதால நல்லதாப் போச்சு. அந்தக் கும்பலுக்குப் பணம் வாங்கிப் போட அக்கவுண்டு வேணும். சொந்தப் பேருல வெச்சா மாட்டிப்பாங்க. அதனால நம்மளை மாதிரி ஏழைங்க அக்கவுண்டைத் தேடறாங்க. "உங்க பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் ஒரு மாசம் குடுங்க, கூட ஒரு சிம் வாங்கிக் குடுங்க, மூவாயிரம் தர்றோம், சும்மாத்தானே கிடக்குது"ன்னு கேட்பாங்க. கேட்கறது வெளியூர்க்காரன் இல்லை. நம்ம அண்ணன் மகனாவே இருக்கும். பக்கத்து ஊரில் ஒரு அத்தை குடுத்திருக்காங்க. அவங்க பாஸ்புக்குல லட்சக்கணக்குல பணம் வந்து போயிருக்கு, அவங்க ஒரு ரூபா பார்க்கலை. எங்கேயோ வடக்கே ஒருத்தர் புகார் குடுத்தார், அக்கவுண்டை முடக்கிட்டாங்க. இப்போ அவங்க நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் பென்ஷன் எல்லாம் அதுல போய் நிக்குது, எடுக்க முடியலை. போலீஸ்காரங்க விசாரிக்க வீட்டு வாசலுக்கு வந்தப்ப அந்த அத்தை, "நான் எழுத்துக் கூடத் தெரியாதவ, நான் என்ன சாமி சூதாடினேன்"ன்னு அழுதிருக்காங்க. அவங்க பேரில்தான் சூதாட்டம் நடந்திருக்கு.

நம்ம தனி அக்கவுண்டுக்கு இப்படின்னா, குழு அக்கவுண்டு? ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் பணம் எடுக்கலாம்னு நாம நிம்மதியா இருக்கோம். குழு அக்கவுண்டுல ஆன்லைன் வசதி வாங்கியிருந்தா அந்த ஓடிபி யார் போனுக்கு வருதுன்னு இன்னைக்கே வீட்டுக்குப் போனதும் பாருங்க. பையன் போனுக்கு வருதுன்னா உடனே மாத்துங்க. பையனைச் சந்தேகப்படறதுக்காகச் சொல்லலை. அந்தப் பிள்ளையைச் சோதனையில நிறுத்தாம இருக்கறதும் அம்மா வேலைதானே.

பிள்ளைங்க பேச்சையும் கவனிங்க. என் சின்னவன் ஆறாவது படிக்கிறான். மழை வருமான்னு அவன் அப்பாகிட்ட கேட்டுட்டு, "பத்து ரூபா பெட்"டுங்கறான். நாமளும் சின்ன வயசுல பந்தயம் கட்டினோம், கடலைமிட்டாய்க்கு. தோத்தவங்களும் அதுல பாதி தின்னுட்டுத்தான் போவோம். இவன் சொல்றது வேற மாதிரி இருக்கு. நான் அவனை அடிக்கலை. "சரிடா கண்ணு, நீ தோத்தா பத்து ரூபாய்க்கு என்ன பண்ணுவே?"ன்னேன். "திரும்ப பெட் கட்டுவேன்"ங்கறான். எங்க கத்துக்கிட்டான்?

வீட்டுல யாராவது இதுல மாட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா முதல்ல சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா அடுத்த கடனை மறைச்சு வாங்குவாங்க. மொத்தக் கடன் எவ்வளவுன்னு ஒரே தடவையில முழுசா வாங்குங்க. ஆம்பளைங்க பாதியைத்தான் முதல்ல சொல்வாங்க, அதைக் கேட்டு அடைச்சுட்டு உட்கார்ந்தா மீதிப் பாதி ஆறு மாசத்துல வந்து நிக்கும். பணம் மோசடியாப் போச்சுன்னா அன்னைக்கே 1930-க்குப் போன் பண்ணுங்க, தாமதம் ஆக ஆகப் பிடிக்கறது கஷ்டம். தூங்காம, சாப்பிடாம, பேசாம இருந்தாங்கன்னா 14416-ங்கிற நம்பர் இருக்கு, மனநல ஆலோசனைக்குப் பணம் இல்லை. குடிக்கு வைத்தியம் இருக்கற மாதிரி இதுக்கும் இருக்கு. பைத்தியக்கார நம்பர்னு நினைச்சுக்கிட்டுக் கூச்சப்படாதீங்க, வாட்ஸ்அப்பில் பொண்ணு போட்டோ வர்றதை விட இது ஒண்ணும் அவமானம் இல்லை.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எங்க குழு எழுதின தீர்மானத்தை எல்லாக் குழுவுக்கும் பொதுவாக்கணும்னு கேட்கறேன். ஆப்பு கடனுக்கும் ஆட்டக் கடனுக்கும் உள்கடன் இல்லை, ஆனா அந்தக் குடும்பத்து நகையையும் மாட்டையும் காப்பாத்த உண்டு, பணம் கையில தராம நேரா கட்டறது. இதுக்கு எதிர்ப்பு இருக்குன்னும் எனக்குத் தெரியும். மேற்கே இருக்கிற குழு அக்காக்கள் ரெண்டு பேர் இன்னைக்குக் காலையிலேயே என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க, "உண்மையைச் சொன்னாக் கடன் கிடையாதுன்னா யாரு உண்மையைச் சொல்லுவா"ன்னு. அது நல்ல கேள்வி. அதுக்கு நான் பதில் சொல்றதை விட எல்லாரும் உட்கார்ந்து பேசறதுதான் சரி. அடுத்த மாசக் கூட்டத்துல இதைப் பொருளா வைக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கறேன். வரும்போது அவங்கவங்க குழு நோட்டையும் கொண்டு வாங்க. "அவசரச் செலவு"ன்னு எத்தனை இடத்துல எழுதியிருக்குன்னு எண்ணிட்டு வாங்க.

பத்து நிமிஷம்னு சொல்லி ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன், மேடம் மணியைப் பார்க்கறாங்க.